128 பைட்டில் படம் எங்கே இருக்கிறது? (அடாரி 2600 கற்றுக்கொள்ளும் இழை)

வாசகர் கேள்வி, ஜனவரி 9

பைத்தான் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் கேன்வாஸ் வைத்துச் சின்ன விளையாட்டுகள் செய்திருக்கிறேன். அடாரி 2600 என்ற பழைய டிவி விளையாட்டுப் பெட்டிக்கு ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், மொத்த நினைவகம் 128 பைட் என்று போட்டிருக்கிறது. கிலோ என்ற சொல் விட்டுப்போனதா? 128 பைட்டில் ஒரு ஐகான்கூட நிற்காது. அப்படியானால் திரையில் தெரியும் படம் எங்கே இருக்கிறது? எந்த அர்ரேயில் எழுதினால் பிக்ஸல் வரும்?

ஜனவரி 9, இரவு 10.50

எதுவும் விட்டுப்போகவில்லை. 128 பைட்தான். படம் எங்கேயும் இல்லை.

ஜனவரி 9, இரவு 11.35

மேலே எழுதியதைப் படித்தால் கடுப்படித்த மாதிரி இருக்கிறது. நான் உண்மையைத்தான் சொன்னேன், விளக்கம்தான் இல்லை.

முதலில் கணக்கு. இந்தப் பெட்டியின் திரை அகலம் 160 பிக்ஸல், உயரம் வழக்கமாக 192 வரி. ஒரு பிக்ஸலுக்கு ஒரே ஒரு பிட் என்று வைத்தாலும் 30,720 பிட், அதாவது 3,840 பைட். கையில் இருப்பது 128. சரியாக 30 மடங்கு பற்றாக்குறை. 1977இல் 199 டாலருக்கு விற்க நினைத்த பெட்டியில் அவ்வளவு ரேம் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் படத்தைச் சேமிக்கும் இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது டிஐஏ என்ற சிப். அதற்கு ஒரே ஒரு வரியை எப்படிக் காட்டுவது என்பது மட்டும் தெரியும். பின்னணிக்கு ஒரு நிறம், பிளேஃபீல்டு என்ற தடித்த கட்டங்கள் 40, எட்டு பிட் அகலத்தில் இரண்டு பிளேயர் (நகர்த்தக்கூடிய சின்னப் படம்), இரண்டு மிஸைல், ஒரு பந்து. வரி முடிந்ததும் அடுத்த வரியிலும் அதையேதான் வரையும். நாம் நடுவில் புகுந்து ரெஜிஸ்டரை (சிப்புக்குள் ஓர் எண் வைக்கும் சின்ன அறை) மாற்றினால்தான் அடுத்த வரி வேறு மாதிரி வரும். 192 தடவை மாற்றினால் ஒரு படம். அடுத்த பிரேமுக்கு மறுபடி முதலிலிருந்து.

பந்தியில் பரிமாறுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். டியூப் டிவியில் வரி வரியாகப் படம் வரையும் கதிர் வாளியோடு இலை இலையாக நடந்துகொண்டே இருக்கிறது. அடுத்த இலைக்குப் போவதற்குள் வாளியில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் மாற்றிக்கொடுக்க வேண்டும்.

ஜனவரி 10

எண்களைக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சிக்கு இது:

ஒரு பிரேம் 262 வரி. அதில் 3 வரி செங்குத்து சிங்க் (புதுப் படம் தொடங்குகிறது என்று டிவிக்குக் கொடுக்கும் சைகை), 37 வரி இருட்டு, 192 வரி படம், 30 வரி மறுபடி இருட்டு. ஒரு வரியில் 76 சைக்கிள், அதாவது சிபியுவின் 76 துடிப்பு. ஒரு சைக்கிளுக்குள் கதிர் 3 பிக்ஸல் ஓடிவிடும். ஓர் எண்ணை எடுத்து ஒரு ரெஜிஸ்டரில் போட 2 + 3 = 5 சைக்கிள். எனவே ஒவ்வொரு தடவையும் புது எண் எடுத்துப் போட்டால், ஒரு வரிக்குள் 15 மாற்றத்துக்கு மேல் செய்ய முடியாது. அதற்குள் கதிர் அந்தப் பக்கம் போய்விடும்.

விளையாட்டு யோசிப்பது எப்போது? இருட்டு வரிகளில். 70 × 76 = 5,320 சைக்கிள். ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது, மோதலைப் பார்ப்பது, மதிப்பெண் கூட்டுவது எல்லாம் அங்கே. திரை எரியும்போது உங்களுக்கு வேறு வேலையே கிடையாது, வரையத்தான் நேரம்.

ஒரு சின்னச் செய்தி: இந்தப் பெட்டி உருவானபோது அதற்கு உள்பெயர் ஸ்டெல்லா. வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோ டெக்யூர் ஓட்டிய சைக்கிளின் பெயர் அது. இன்று நாம் பயன்படுத்தும் எமுலேட்டருக்கும் (கணினியில் அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் நிரல்) அதே பெயர்தான். ஆக, ராத்திரி பகலாக சைக்கிள் எண்ணுவது இந்தப் பெட்டியின் தலையெழுத்து.

ஜனவரி 12

முதல் நிரல். ஸ்டெல்லா எமுலேட்டர், டாஸம் என்ற அசெம்பிளர் (கட்டளைகளைச் சிபியுவுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது), ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், வேறெதுவும் வேண்டாம். கட்டளைகளை உச்சரிப்பாகவே எழுதுகிறேன்:

வரி:  எஸ்டிஏ டபிள்யூசிங்க்
எஸ்டிஎக்ஸ் பின்னணி
டிஇஎக்ஸ்
பிஎன்இ வரி

எக்ஸ் என்ற சிபியு ரெஜிஸ்டரில் 192 வைத்துவிட்டு இந்த லூப்புக்குள் போங்கள். டபிள்யூசிங்க்கில் எதை எழுதினாலும், அடுத்த வரி தொடங்கும்வரை சிபியு அப்படியே நிறுத்தப்படும். வரி தொடங்கியதும் விழித்து, எக்ஸில் இருக்கும் எண்ணைப் பின்னணி நிறமாகப் போடும், ஒன்று குறைக்கும், மறுபடி போகும். திரை முழுக்க வானவில்.

எனக்கு இது ஓடிய இரவில் நேரம் ஒன்றரை. வீட்டில் எழுப்பிக் காட்ட ஆளில்லை, காட்டினாலும் “பட்டைதானே” என்பார்கள். பட்டைதான். ஆனால் அந்தப் பட்டை எந்த நினைவகத்திலும் இல்லை. லூப்பை நிறுத்தினால் படமும் நின்றுவிடும்.

ஜனவரி 13

192 வரிக்கு 192 நிறம் வரவில்லை, இரண்டிரண்டு வரி ஒன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு உங்களுடையதல்ல. நிற எண்ணின் கடைசி பிட்டை டிஐஏ கண்டுகொள்வதில்லை. மேல் நான்கு பிட் நிறம், அதற்கடுத்த மூன்று பிட் வெளிச்சம். 16 × 8 = 128 நிறம்.

ஜனவரி 18

பந்தி உவமையைத் திரும்பப் பெறுகிறேன். பந்தியில் “ஒரு நிமிஷம்ப்பா” என்றால் வாளி நிற்கும். கதிர் நிற்காது.

தறிதான் சரி. நெசவாளர் முன்னால் சேலையின் படம் எங்கும் கிடையாது, ஒவ்வொரு ஊடை நூலுக்கும் எந்தப் பாவு நூல் மேலே போக வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஒரு ஊடை, ஒரு தட்டு, அடுத்த ஊடை. இங்கே ஊடை நூல் நொடிக்கு 15,700 தடவை ஓடுகிறது. உங்கள் கால் மிதியில்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், போன வாரம் முழுக்க ஓர் எழுத்தை வைத்து மல்லுக்கட்டினேன். பிளேஃபீல்டில் நாலு தமிழ் எழுத்து போடலாம் என்று ஆசை. ‘ட’ எளிது, ஒரு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு. அதில் தொடங்கினேன்.

முதல் தடவை: ‘ட’ போட்டேன், திரையில் ‘ப’ வந்தது.

அரை மணி நேரம் என் நிரலைத் துழாவினேன். நிரல் சரி. நான் ஜனவரி 9 அன்று உங்களுக்குச் சொன்னதுதான் தப்பு. பிளேஃபீல்டுக்கு 40 கட்டம் என்றேன். திரையில் 40 கட்டம் தெரியும், ஆனால் டிஐஏவிடம் இருப்பது 20 பிட். திரையின் இடப்பாதிக்கு அந்த 20. வலப்பாதிக்கு அதையே திரும்பப் போடும், அல்லது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி புரட்டிப் போடும். நான் கண்ணாடி முறையை வைத்திருந்தேன். இடப்பாதியில் ‘ட’, வலப்பாதியில் புரண்ட ‘ட’, இரண்டும் ஒட்டினால் ‘ப’. அது பாட்டுக்குத் தமிழ் எழுதியிருக்கிறது, நான்தான் பிழை என்று நினைத்தேன்.

ஜனவரி 18, கொஞ்சம் கழித்து

இரண்டாவது தடவை: ‘ட’வின் நிமிர்ந்த கோடு திரையோரத்தில் நிற்காமல் மூன்று கட்டம் உள்ளே தள்ளி நின்றது. அடிக்கோடு மட்டும் ஓரத்திலிருந்து தொடங்கியது.

20 பிட் மூன்று ரெஜிஸ்டரில் பிரிந்திருக்கிறது. பிஎஃப்0இல் மேல் நான்கு பிட் மட்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். பிஎஃப்1இல் எட்டு பிட், நேர் வரிசையில். பிஎஃப்2இல் எட்டு, மறுபடி தலைகீழாக. நான் இடது ஓரம் என்று நம்பி 10000000 என்று எழுதினேன். அது நான்காவது கட்டம். முதல் கட்டம் வேண்டுமானால் 00010000. யாரோ தாளில் அழகாக வரைந்து, சிப்பில் கம்பி இழுக்கும்போது எது சுருக்கமோ அப்படி இழுத்துவிட்டார்கள் போல. இதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சின்ன பைத்தான் நிரலில் படத்தைக் கொடுத்து மூன்று பைட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு வாரம் கையால் புரட்டி எழுதிய பிறகுதான் இந்த ஞானம் வந்தது.

ஜனவரி 19

“அப்படியானால் ‘பட’ என்று இரண்டு வேறு எழுத்தை அருகருகே எழுதவே முடியாதா?”

முடியும். கதிர் திரையின் இடப்பாதியில் பிஎஃப்0ஐ வரைந்து முடித்ததும், வலப்பாதியில் அதே பிஎஃப்0க்குத் திரும்பி வருவதற்குள் புதிய எண்ணை வைத்துவிட வேண்டும். திருப்பிப்போடும் முறையில், வரியின் 28ஆவது சைக்கிளுக்கும் 49க்கும் நடுவில் பிஎஃப்0. 39க்கும் 54க்கும் நடுவில் பிஎஃப்1. 50க்கும் 65க்கும் நடுவில் பிஎஃப்2. ரயில் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஜன்னலில் டிபன் பொட்டலம் கொடுக்கிற வேலை. பெட்டி கடந்துவிட்டால் பொட்டலம் உங்கள் கையில்.

ஜனவரி 25

பிளேயருக்கு வந்துவிட்டேன். எட்டு பிட் அகலம். நான் ஓர் ஆட்டோ வரைந்தேன்:

00111100
01000010
01000001
11111111
11111111
11111111
01100110

கூரை, இரண்டு பக்கச் சட்டம், முன்கண்ணாடியின் சாய்வு, உடம்பு, சக்கரம். ஒவ்வொரு வரியிலும் ஜிஆர்பி0 என்ற ரெஜிஸ்டரில் ஒரு பைட். கூடவே நிற ரெஜிஸ்டரையும் வரிக்கு வரி மாற்றினால் மேலே கறுப்பு, உடம்பு மஞ்சள். பிளேயருக்கு ஒரே நிறம் என்று சிப்பில் எழுதியிருக்கிறது, ஆனால் அது ஒரு வரிக்கு ஒரு நிறம். ஏழு வரிக்கு ஏழு நிறம் வைத்தால் அதற்கு எப்படித் தெரியும்?

ஓட்டினேன். ஆட்டோ சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு குடை சாய்ந்து வந்தது.

ஜனவரி 25, இரவு

காரணம் கேட்டிருக்கிறார்கள். லூப்பை மேல்நோக்கி எண்ணினால் ஒவ்வொரு தடவையும் “முடிந்ததா?” என்று ஒப்பிட 2 சைக்கிள் கூடுதலாகப் போகும். கீழ்நோக்கி எண்ணினால் பூஜ்யம் வந்ததும் சிபியு தானே சொல்லிவிடும். அதனால் எல்லோரும் 7, 6, 5 என்று இறங்குகிறார்கள். அட்டவணையின் கடைசி பைட் முதலில் திரைக்குப் போகும். எனவே ராமில் இல்லை, ரோமில் (கார்ட்ரிட்ஜில் உள்ள மாறாத நினைவகம்) எல்லாப் படத்தையும் தலைகீழாக வைக்க வேண்டும். 2 சைக்கிளை மிச்சம் பிடிக்க உலகத்தையே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2

இன்று நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் ஒரு வாரம் இதிலேயே போனது.

ஆட்டோவை நகர்த்த வேண்டும். மேல் கீழ் எளிது, எந்த வரியில் வரையத் தொடங்குவது என்பதுதான். இடம் வலம்? எக்ஸ் இருப்பிடம் என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், எண்ணைப் போட்டால் அங்கே போகும் என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. இருப்பது ரெஸ்பி0. அதில் எதையாவது எழுதினால், அந்த நொடியில் கதிர் எங்கே இருக்கிறதோ அங்கே பிளேயர் வந்து நிற்கும். எண் முக்கியமில்லை, எப்போது எழுதினீர்கள் என்பதுதான் கணக்கு. ‘இறக்கம் இருக்கு’ என்று பஸ்ஸில் குரல் கொடுக்கிற மாதிரி, எங்கே கத்தினீர்களோ அங்கேதான் இறங்க முடியும்.

சரி, கத்துவதைத் தாமதப்படுத்த ஒரு லூப். ஒரு சுற்றுக்கு 5 சைக்கிள். 5 × 3 = 15. ஆட்டோ நகர்ந்தது, 15 பிக்ஸலுக்கு ஒரு தாவலாக. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்துத் தாவல்.

இந்த இடத்தில் பழைய ஆட்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டிய இடத்தின் எண்ணிலிருந்து 15ஐக் கழித்துக்கொண்டே போகும் லூப்பையே தாமத லூப்பாக வைத்துவிட்டார்கள். கழிக்க 2 சைக்கிள், திரும்பித் தாவ 3 சைக்கிள், மொத்தம் 5. கழித்தல் ஒரு தடவை நடக்கும் நேரத்தில் கதிரும் 15 பிக்ஸல் போயிருக்கும். எண் தீரும்போது கதிர் அந்த இடத்தை நெருங்கியிருக்கும். வகுத்தலுக்கும் காத்திருத்தலுக்கும் ஒரே நான்கு பைட். மீதி எவ்வளவு என்பதும் கையில் இருக்கும். அந்த மீதியை எச்எம்பி0 என்ற ரெஜிஸ்டரில் வைத்து, எச்மூவ் என்ற இன்னொன்றைத் தட்டினால், பக்கவாட்டில் 7 பிக்ஸல் இந்தப் பக்கம், 8 அந்தப் பக்கம் என்று நுணுக்கமாக நகரும்.

இதில் நான் விழுந்த குழிகள் இரண்டு. கூட்டல் எண் வலப்பக்கம் என்று நினைத்தேன், இந்தச் சிப்பில் கூட்டல் என்றால் இடப்பக்கம். அப்புறம், எச்மூவ் தட்டியதும் அடுத்த கட்டளையிலேயே எச்எம்பி0ஐத் துடைத்து வைத்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. ஆட்டோ தள்ளாடியது. எச்மூவுக்குப் பிறகு 24 சைக்கிள்வரை அந்த ரெஜிஸ்டரைத் தொடக்கூடாது. டிஐஏ அந்த எண்ணை அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும். 1979இல் ஸ்டீவ் ரைட் எழுதிய நிரலாளர் கையேட்டிலேயே இது இருக்கிறது, ஒரே வரியில். நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறேன்.

பிப்ரவரி 3

உங்கள் படத்தின் இடது ஓரத்தில் கறுப்பாகச் சின்னக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி தெரிவதும் எச்மூவின் வேலைதான். அதைத் தட்டிய வரியில் இடப்பக்கம் 8 பிக்ஸல் இருட்டாகிவிடும். ஆக்டிவிஷன் நிறுவனத்தின் விளையாட்டுகள் பலவற்றில் இடப்பக்கம் முழுக்க ஒரு கறுப்புப் பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லா வரியிலும் எச்மூவைத் தட்டிவிட்டார்கள், பல் எல்லாம் சேர்ந்து பட்டை ஆயிற்று. சுவரில் ஓர் இடத்தில் கறை விழுந்தால் சுவர் முழுக்க அதே நிறம் அடிப்பது போல.

பிப்ரவரி 8

இரண்டு பிளேயர், இரண்டு மிஸைல், ஒரு பந்து என்ற இந்தக் கஞ்சக் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: அப்போது காசு போட்டு ஆடும் ஆர்கேடு கடைகளில் ஓடிய விளையாட்டுகள் பாங், டேங்க். பாங்குக்கு ஒரு பந்து வேண்டும், டேங்க்குக்கு இரண்டு வண்டி, இரண்டு குண்டு. வீட்டில் அந்த இரண்டையும் ஆட வைப்பதுதான் நோக்கம். அதற்கு மேல் வந்ததெல்லாம் அந்தச் சிப்பிலிருந்து பிழிந்தெடுத்தது.

1982இல் பேக்-மேன் வந்தபோது பேய் நான்கு, பிளேயர் இரண்டு. அதை எழுதிய டாட் ஃப்ரை என்ன செய்தார்? ஒரு பிரேமுக்கு ஒரு பேய். நான்கு பிரேமில் ஒருமுறைதான் ஒவ்வொன்றும் வரும், எனவே மினுக்கும். அன்றிலிருந்து இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள். நானும் திட்டியவன்தான். ஆட்டோவோடு மூன்று மாடு சேர்க்கப் பார்த்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

“மினுக்காமல் செய்திருக்கலாமே, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் ஒரு வரியில் ஆறு எதிரி நிற்கிறதே” என்பது நியாயமான கேள்வி. பிளேயரை ஒரே வரியில் இரண்டு, மூன்று பிரதியாகக் காட்டும் வசதி சிப்பில் இருக்கிறது. இரண்டு பிளேயர், மூன்று பிரதி, ஆறு. ஆனால் பிரதிகள் அணிவகுப்பில்தான் நிற்கும், இடைவெளியைச் சிப்தான் முடிவு செய்யும். படையெடுப்புக்கு அது பொருந்தும். பேய்கள் அவரவர் விருப்பப்படி சுற்றுகிறவர்கள்.

பிப்ரவரி 10

பட்டாரி பேசிக் என்ற எளிய நிரல்மொழியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒருவர். உண்மை. விளையாட்டு வேண்டுமானால் அதை எடுங்கள், குறைவாகச் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டவர் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டார், அதனால்தான் நான் இந்த வழியில் இழுத்துக்கொண்டு போகிறேன்.

பிட்ஃபால் என்ற காட்டு விளையாட்டு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் 255 திரையை எப்படி அடக்கினார்கள்? அடக்கவில்லை. அதை எழுதிய டேவிட் கிரேன் ஒரே ஒரு பைட்டை வைத்திருந்தார். வலப்பக்கம் போனால் அந்த பைட்டை ஒரு விதத்தில் நகர்த்திக் கலைப்பார், இடப்பக்கம் வந்தால் அதே கலைப்பைத் திருப்பிச் செய்வார். அந்த எட்டு பிட்தான் எங்கே மரம், எங்கே குழி, எங்கே முதலை என்று சொல்கிறது. பூஜ்யம் தவிர எல்லா எண்ணையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும், அதனால் 255. காட்டின் வரைபடமும் எங்கேயும் இல்லை.

பிப்ரவரி 16

இந்த வாரப் பிழை. வரியின் நடுவில் பின்னணி நிறத்தை மாற்றி ஒரு சாலையோரம் வரைந்திருந்தேன். நேராக நின்றது. அதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், மதிப்பெண்ணுக்காக இன்னொரு அட்டவணை சேர்த்தேன். சாலையோரம் உடைந்தது. மேல் வரிகள் எல்லாம் 3 பிக்ஸல் வலப்பக்கம், அடியில் 16 வரி மட்டும் பழைய இடத்தில்.

3 பிக்ஸல் என்றால் 1 சைக்கிள். அதுவரை எனக்கே புரிந்தது. அந்த ஒரு சைக்கிளைத் தின்றது யார்?

இந்தப் பெட்டியின் சிபியுவான 6507, நினைவகத்தை 256 பைட் பக்கங்களாகப் பார்க்கும். அட்டவணையில் தேடும்போது பக்க எல்லை தாண்டினால் ஒரு சைக்கிள் அபராதம். புதிய அட்டவணை உள்ளே நுழைந்து, நிற அட்டவணையைத் தள்ளி, ஒரு பக்கத்தின் கடைசி 16 பைட்டுக்கு முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முதல் 16 எண் இந்தப் பக்கத்தில், மற்றதெல்லாம் எல்லைக்கு அப்பால். லூப் கீழ்நோக்கி எண்ணுவதால் அந்த முதல் 16 திரையின் அடியில் வரும். உடைசல் இருந்த இடத்தைப் பார்த்தாலே முகவரி தெரிந்தது. அட்டவணையைப் பக்கத்தின் தொடக்கத்தில் ஏற்றி வைத்தேன், நேரானது.

பிப்ரவரி 23

பெட்டி வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் அக்கா பழைய சாமான் சந்தையில் பிடித்து, துணிமணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தாள். மரப்பட்டை முகப்பு, ஒரு ஜாய்ஸ்டிக், இன்னொன்றின் ரப்பர் மட்டும். பரணில் கிடந்த டியூப் டிவியை இறக்கினேன். என் நிரலைக் கார்ட்ரிட்ஜில் ஏற்றிச் சொருகினேன்.

படம் மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் வெறும் இரைச்சல்.

மாமாவுக்கு போன் போட்டேன். சிவகாசியில் முப்பது வருஷம் டிவி பழுது பார்த்தவர். வீடியோ காலில் திரையைக் காட்டினேன்.

“செட்டுல ஒண்ணும் இல்ல மாப்ள. அது நொடிக்கு 50 படம் எதிர்பார்க்குது, நீ 60 அனுப்புற.”

“பெட்டி லண்டன் பெட்டி மாமா, அங்கயும் நம்ம ஊர் மாதிரி பால் டிவி முறைதான்.”

“பெட்டி எதுவா இருந்தா என்ன, சிங்க் குடுக்குறது நீதான?”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அசெம்பிளி என்றால் என்ன என்று தெரியாத மனிதர். ஒன்றரை மாதமாக இங்கே உங்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்: சிங்க் முதல் எல்லாமே நம் நிரல் கொடுப்பது. பெட்டி பால், என் நிரல் 262 வரி எண்ணும் அமெரிக்க நிரல். 192 வரிப் படத்தை அப்படியே விட்டு, மேலே 25, கீழே 25 இருட்டு வரி கூட்டினேன். 312. ஓட்டம் நின்றது.

பிப்ரவரி 24

ஓட்டம் நின்றது என்று எழுதிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஆட்டோவை ஓட்டினேன். வலப்பக்கம் நன்றாகப் போகிறது. ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் திரை முழுக்கக் கறுப்பு வெள்ளை. விட்டால் கலர் வருகிறது. சாய்த்தால் மறுபடி போய்விடுகிறது. ஜாய்ஸ்டிக் வயர் பிய்ந்திருக்கிறது என்று நினைத்து அதைப் பிரித்துக்கூடப் பார்த்தேன்.

எமுலேட்டரில் வரி எண்ணிக்கையை ஓரத்தில் போட்டுவிட்டு இடப்பக்கம் அழுத்திப் பார்த்தேன். 313.

பால் முறையில் ஒரு பிரேமுக்கு வரி எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் கலர் கழன்றுவிடும். வலப்பக்கம் போகும்போது 312, இடப்பக்கம் 313. ஏன் ஒரு வரி கூடுகிறது? இடப்பக்கம் போகும்போது ஆட்டோ திரும்பி நிற்க வேண்டும் என்று, பிரேமுக்கு ஒரு பைட் வீதம் ரோமிலிருந்து எடுத்து, எட்டு பிட்டையும் லூப் போட்டுப் புரட்டி, ரேமில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த லூப் ஒரு வரியைத் தின்றது. நானோ இருட்டு வரிகளைக் கையால் எண்ணியிருந்தேன், டைமர் வைக்கவில்லை.

டைமர் வைத்தேன். இருட்டு தொடங்கும்போது எண்ணை ஏற்றிவிட்டு, வேலையெல்லாம் முடித்து, அது பூஜ்யம் ஆகும்வரை காத்திருந்தால் போதும். யார் எவ்வளவு தின்றாலும் 312.

பிப்ரவரி 24, மாலை

பிளேயரை இடம் வலமாகப் புரட்ட ரெஃப்பி0 என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறதாம். ஒரு பிட். மேலே எழுதிய லூப், ஏழு பைட் ரேம், பிரித்துப் போட்ட ஜாய்ஸ்டிக், எல்லாவற்றையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

மார்ச் 1

மஞ்சள் ஆட்டோ டிவியில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இது கலர் கழன்றதால் இல்லை. பால் பெட்டியின் நிறவரிசை வேறு. அமெரிக்கப் பெட்டியில் 1இல் தொடங்கும் நிறங்கள் மஞ்சள், பால் பெட்டியில் 0, 1 இரண்டும் சாம்பல். கடைசி இரண்டும் சாம்பல்தான். அதனால் 128 நிறம் 104 ஆகிவிடுகிறது. மஞ்சளுக்கு 2ஐப் போட்டேன். கொஞ்சம் பழுப்படிக்கிறது. பழைய ஆட்டோ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 13இல் எழுதிய 16 × 8 அமெரிக்கப் பெட்டிக்கு மட்டும் என்று திருத்திப் படிக்கவும். 25ஆம் தேதிக் குறிப்பில் ‘ராமில் இல்லை’ என்று இருப்பதும் ரேம்தான். சாமி குத்தம் ஆகிவிடப் போகிறது.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் தன் வானவில்லில் ஒரு ‘ப’ நிற்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். ‘ட’தானே போட்டீர்கள்?

நேற்று மாமா வந்திருந்தார். கால் மணி நேரம் ஆட்டோ ஓட்டினார். சாலையோரத்தில் மோதி நிற்பதையும், திரும்புவதையும் பார்த்துவிட்டு, “ஹாரன் இல்லாம எவன்டா ஆட்டோ ஓட்டுவான்?” என்றார்.

டிஐஏவில் ஒலிக்கு இரண்டு சேனல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒலியின் வகை, சுருதி, அளவு என்று மூன்று ரெஜிஸ்டர். சுருதிக்கு 5 பிட், 32 படி, அதில் பல எந்த ஸ்வரத்திலும் சேராது. ஹாரனுக்கு அது போதும். இருட்டு வரியில் மூன்று எண் வைத்தால் முடிந்தது. எமுலேட்டரில் கேட்கிறது, எங்கள் தெரு ஆட்டோவைவிடக் கர்ணகடூரமாக.

டிவியில்தான் இன்னும் இரைச்சல். லண்டன் பெட்டி ஒலியை 6 மெகாஹெர்ட்ஸில் வைக்கிறது, இங்குள்ள டிவி 5.5இல் தேடுகிறது. மாமா பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு மஞ்சள் ஃபில்டரைத் தொட்டுக் காட்டி, இதை மாற்றினால் வரும், பழைய கடை டப்பாவில் ஒன்று கிடக்கும் என்றார். மூடியை மாட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு சிவகாசிக்கு பஸ் ஏறியிருக்கிறார்.